பெதர்னால் மேட்டுக்குக் குழாய் வந்த கதை

பெண்கள் சிறை, மெக்சிகோ நகரம்
12 மே 2011

கொமாத்ரே எல்விராவுக்கு,

நான் உள்ளே வந்து மூன்று வாரம் தாண்டிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நம் மேட்டில் யாராவது செத்தால்கூட ஒன்பது நாள் கூடி ஜெபமாலை சொல்கிறோம். நான் உயிரோடு இருப்பதால் அந்த மரியாதையும் எனக்குக் கிடையாது போலிருக்கிறது.

என் யாரெலியை ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்திப் போனவள் நீ. அன்றைக்குத்தான் நீயும் நானும் கொமாத்ரே ஆனோம், உன் சீரோ எனக்குக் கொம்பாத்ரே ஆனார். கூடப்பிறந்ததைவிட இது பெரிய உறவு என்று பாதிரியார் சொன்னபோது எல்லாரையும்விட அதிகமாக மூக்கைச் சிந்தியவள் நீதான். அந்த உரிமையில் கேட்கிறேன். எங்கே போய் ஒளிந்துகொண்டாய்?

அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஒருவர் வந்தார். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, என் பேரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். தண்ணீர் லாரியைக் கொள்ளையடித்தேன், ஓட்டுநர் தோன் பிலிபெர்தோவை அடைத்துவைத்தேன், அவர் சாவுக்குக் காரணமானேன் என்று மூன்று குற்றங்களாம். மேட்டில் அத்தனை பெண்களும் சேர்ந்து நிறுத்திய லாரி, காகிதத்தில் நான் ஒருத்தி நிறுத்தியதாக இருக்கிறது. என் உயரத்தை நீதிபதி பார்த்தாலே சிரித்துவிடுவார். "எல்லாரும் சேர்ந்துதான் நிறுத்தினோம், சாவிய அந்த மனுஷனே கொடுத்தாருன்னு, பக்கத்துல நின்னவங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதும்" என்கிறார் வக்கீல். பக்கத்தில் நின்றவள் நீ. வந்து சொல்.

இங்கேயும் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான். முதல் வாரத்திலேயே வாளி வரிசையில் இரண்டு பேர் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். நான் நடுவில் புகுந்து வரிசையை ஒழுங்கு பண்ணினேன். இப்போது என்னையே வரிசைக்குத் தலைவி ஆக்கிவிட்டார்கள். என் தலையெழுத்தைப் பார்த்தாயா.

வியாழக்கிழமைகளில் இங்கே ஜெபம் சொல்ல வரும் சிஸ்டர் ஒர்த்தென்சியா இதைத் தன் பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவருவார். பதிலையும் அவரிடமே கொடு. யாரெலி சாப்பிடுகிறாளா என்று எழுது. நேரில் வந்தால் வெளிர் பழுப்பு உடுத்தாதே, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது தீர்ப்புக்குக் காத்திருக்கும் எங்களுக்கான நிறம். கருநீலமும் கூடாது, அது தீர்ப்பு ஆனவர்களுக்கு.

காந்தெலாரியா

*

பெதர்னால் மேடு
22 மே 2011

மரியாதைக்குரிய கொமாத்ரே காந்தெலாரியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. யாரெலி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பீன்ஸை ஒதுக்கிவைத்துவிட்டுச் சோள ரொட்டியை மட்டும் தின்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள்.

நான் ஒளிந்துகொள்ளவில்லை. அன்றைக்குக் காலையில் நீங்கள் லாரியை எங்களிடம் விட்டுவிட்டுத் தண்ணீர் அலுவலகத்தில் பேசுவதற்காகக் கீழே போனீர்கள். அதற்குப் பிறகு இங்கே நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஆகவே சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தோன் பிலிபெர்தோ சீரோவோடு டோமினோ ஆடிக்கொண்டிருந்தார். ஜெயித்துக்கொண்டும் இருந்தார். இடது கையைத் தேய்த்துக்கொண்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் சாய்கிறேன் என்றார். சாய்ந்தவருக்கு வியர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. டாக்ஸி கூப்பிட்டோம், வந்தும்விட்டது. ஆனால் மேலே எப்படி வரும்? மேட்டுக்கு இருப்பது ஒரே பாதை. கோயில் வளைவில் அவருடைய லாரியே குறுக்கே நிற்கிறது, வழக்கம்போல நாம்தான் குறுக்கே நிறுத்தச் சொன்னோம். சாவி உங்கள் ஏப்ரன் பையில் கீழே போய்விட்டது. உங்கள் ஃபோனுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கற்களை எடுத்துவிட்டுத் தள்ளலாமா என்று ஒருவன் கேட்டான். லாரி நிறையத் தண்ணீர், அந்தச் சரிவு, கீழே அத்தனை வீடுகள். யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

என் சமையலறைக் கதவைக் கழற்றி அவரை அதில் படுக்கவைத்துப் படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நான் தலைமாட்டைப் பிடித்திருந்தேன். "எம் பொண்டாட்டிக்குச் சொல்லிராதீங்கம்மா, பயந்துருவா" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அவருக்கு உயிர் இல்லை.

நான் திரும்பி வந்தபோது அவர் லாரியில் ஹோஸ் மாட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் சண்டை இல்லை, சத்தம்கூட இல்லை. நானும் பிடித்தேன். சிறுநீரகம் போனதற்காகச் சீரோவின் வயிற்றில் வைத்திருக்கும் குழாயைச் சுத்தம் பண்ண வீட்டில் ஒரு சொட்டு இல்லை. உங்கள் பீப்பாயும் உங்கள் பேரோடு வரிசையில் நின்றது. அதையும் நிரப்பினேன். அன்றிலிருந்து எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது.

எல்விரா

*

பெண்கள் சிறை
29 மே 2011

எல்விரா,

என்னடி இது, 'மரியாதைக்குரிய', 'அவர்கள்'? நான் என்ன மேயர் பெண்டாட்டியா?

நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அந்த மனுஷர் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னது எனக்குத் தெரியாது. இங்கே யாரும் சொல்லவில்லை.

ஆனால் சாவி என் பையில் இருந்தது என்று எழுதிய உன் கை, அது அங்கே எப்படி வந்தது என்று எழுதவில்லை. எத்தனை வருடமாக லாரி நிறுத்துகிறோம். வாரக்கணக்கில் நமக்கு வராத தண்ணீர், நம் வாசல் வழியாக வேறு எங்கேயோ போகும்போது நிறுத்துகிறோம். ஓட்டுநருக்குச் சோறு போடுகிறோம், அவர் அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணி "மாட்டிக்கிட்டேன்" என்கிறார், சாயங்காலத்துக்குள் நமக்கு ஒரு லாரி வருகிறது. வண்டி நம்மிடம், சாவி அவரிடம். இதுதான் முறை. ஓட்டுநர்களுக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும்.

பிப்ரவரியில் வந்த அந்த ஒல்லிக்குச்சி என்ன பண்ணினான்? என் மோலே குழம்பை இரண்டு தட்டு வளைத்துக் கட்டிவிட்டு, நாம் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் லாரியோடு கம்பி நீட்டினான். அதனால்தான் தோன் பிலிபெர்தோ இறங்கியதும் நீ கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாய். "ஏ காந்தே, இந்தத் தடவ சாவிய வாங்கி வைடி. இவரும் தின்னுட்டு ஓடிருவாரு." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சமையல் நல்லா இருந்தா நான் ஏம்மா ஓடுறேன்" என்று அவரே என் உள்ளங்கையில் வைத்தார்.

உன்மேல் பழி போடவில்லை. நீ கத்தினாய், ஆனால் கை நீட்டியவள் நான். கீழே அலுவலக வாசலில் ஃபோனை எல்லாம் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். இன்ஜினியர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நான் அந்தச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலே அவர் மூச்சுக்குத் தவித்தபோது நான் செய்துகொண்டிருந்தது அதுதான்.

நீ கத்தியதை நீதிபதியிடம் சொல்ல வேண்டாம். வக்கீலிடமும் நான் சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்துதான் நிறுத்தினோம், அவரே கொடுத்தார், இவ்வளவு மட்டும் சொல். என் பீப்பாயில் இருந்தது எந்தத் தண்ணீர் என்று யாரெலிக்குத் தெரிய வேண்டாம்.

காந்தெலாரியா

*

பெதர்னால் மேடு
19 ஜூன் 2011

காந்தே,

மழை ஆரம்பித்துவிட்டது. கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறோம், துணி துவைக்க ஆகிறது. பீப்பாய்களுக்குக் கொஞ்சம் ஓய்வு.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

சீரோவின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதிலிருந்து நான் அவரை நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவது உனக்குத் தெரியும். இரண்டு மினிபஸ், மெட்ரோ, அப்புறம் நடை. இப்போது பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார். வீட்டிலேயே வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு எடுக்கலாம், ஒரு நாளைக்கு நாலு தடவை, நானே செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். சுவர் பார்த்தாள், ஜன்னல் பார்த்தாள், எல்லாம் சரி என்றாள். "கை கழுவ ஓடுற தண்ணி எங்கம்மா?" என்று கேட்டாள். பீப்பாயைக் காட்டினேன். நல்ல பெண்தான், முகம் வாடிப்போய்விட்டது. குழாய் இல்லாத வீட்டுக்கு அந்த மருந்துத் தண்ணீர்ப் பெட்டியைத் தரமாட்டார்களாம், கிருமி போய்விடுமாம். குழாய் வந்ததும் சொல்லுங்கள் என்று தன் நம்பரைத் தந்துவிட்டுப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்த அந்த இன்ஜினியர் உர்ரூத்தியாவே மேட்டுக்கு ஏறி வந்தார். புது ஷூ, பாவம், முழுக்கச் சேறு. கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார். கீழே இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து நமக்குக் குழாய் போடும் திட்டம் கையெழுத்துக்குப் போய்விட்டதாம். ஆனால் ஒரு ஆள் செத்த வழக்கில் மேடு முழுவதும் குற்றவாளி என்று ஆகிவிட்டால், அப்படிப்பட்ட இடத்துக்கு மேலிடத்தில் ஒப்புதல் தரமாட்டார்களாம். மேட்டுக்கு இதில் சம்பந்தமில்லை, ஒரே ஒருத்தி செய்தது என்று ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் மழை முடிவதற்குள் குழி வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஏழு பேரில் ஒருத்தி உன் கொமாத்ரேவாக இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் பேர் அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை, கேட்டியா. ஆனால் தூக்கியவர்கள் கையை இறக்கிவிட்டு என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். சீரோவுக்கு விஷயம் தெரியாது.

நீ என்ன சொல்கிறாய், காந்தே?

எல்விரா

*

பெண்கள் சிறை
26 ஜூன் 2011

எல்விரா,

நீ என்ன எதிர்பார்க்கிறாய் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது. 'போடு, கொமாத்ரே, சீரோவுக்காகப் போடு, நான் தாங்கிக்கொள்கிறேன்' என்று நான் எழுத வேண்டும். நீ அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய் அழுதுகொண்டே கையெழுத்துப் போடலாம். சொல்லமாட்டேன். நான் புனிதவதி இல்லை. எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், அடுத்த மாதம் அவளுக்குப் பதினைந்து வயது, நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போடாதே. இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியாது.

சீரோ என் கொம்பாத்ரே. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் சிஸ்டரோடு முழங்காலில் நிற்கிறேன். ஆனால் உர்ரூத்தியா சொல்வதை நீ நம்புகிறாயே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த ஆளை வாசலில் பார்த்துப் பார்த்து என் கால் தேய்ந்திருக்கிறது. நாம் அங்கே குடியேறிய வருடத்திலிருந்து அந்தத் திட்டம் கையெழுத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்படிக் குழாய் போட மனசிருந்தால், ஒரு பெண்ணைக் கம்பிக்குப் பின்னால் தள்ளினால்தான் போடுவேன் என்பானேன்?

வக்கீல் சொன்னார், ஏழு பேர் அப்படிச் சொன்னால் அப்புறம் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று. வெட்டிப் பேச்சு பேசுகிறவர்தான், ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

காந்தெலாரியா

*

பெதர்னால் மேடு
7 ஆகஸ்ட் 2011

காந்தெலாரியா,

போட்டுவிட்டேன்.

சிஸ்டர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். ஜூலை ஆரம்பத்தில் போட்டேன். ஏழாவது கையெழுத்து என்னுடையது. அந்தக் காகிதத்தில், நீ சாவியைப் பிடுங்கினாய் என்று இருந்தது. 'கொடுத்தார்' என்று மாற்றச் சொன்னேன். காகிதம் கொண்டுவந்த குமாஸ்தா, "அம்மா, மாத்தினா மறுபடியும் டைப் அடிக்கணும், இன்னைக்கு முடியாது" என்றான். நான் அப்படியே போட்டேன். அதற்கு முந்தின நாள் சீரோ மெட்ரோ படிக்கட்டில் மயங்கி விழுந்து, ஜனங்கள் அவரைக் குடிகாரன் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

குழி வெட்டிவிட்டார்கள். நம்மையே வெட்டச் சொன்னார்கள், வீட்டுக்கு ஒருத்தர். உன் வீட்டுப் பங்கையும் நான் வெட்டினேன், இல்லாவிட்டால் உனக்கு இணைப்புத் தரமாட்டோம் என்றார்கள். போன வாரம் பேண்டு வாத்தியம் வைத்துத் திறந்தார்கள். உர்ரூத்தியா என் வாசல் குழாயைத் திறந்து படம் எடுத்துக்கொண்டார். முதலில் துருப்பிடித்த மண் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். சீரோ நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டி நனைத்துக்கொண்டே இருந்தார். அப்போதும் அவருக்குத் தெரியாது.

யாரெலிதான் சொன்னாள். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து நின்று, "நீங்க எங்கம்மாவ வித்துட்டீங்களா, மாத்ரினா?" என்று கேட்டாள். பதினைந்தாவது பிறந்தநாளுக்கு ஞானத்தாய் என்ற முறையில் நான் வாங்கிக் கொடுத்த குதிகால் செருப்பைப் பெட்டியோடு என் வாசலில் வைத்துவிட்டு, உன் பீப்பாயை உருட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்விட்டாள். சீரோ அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆனால் பெட்டி வந்துவிட்டது, நாலு வேளையும் வயிற்றைக் காட்டுகிறார். சட்டையைத் தூக்கிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

தினமும் சோறு கொண்டுபோய் யாரெலி வாசலில் வைக்கிறேன். பாத்திரம் காலியாகத் திரும்புகிறது, அவள் தின்கிறாளா நாய்க்குப் போடுகிறாளா தெரியாது.

எல்விரா

*

பெண்கள் சிறை
14 ஆகஸ்ட் 2011

எல்விரா,

குழாய் வந்தது நல்லது.

இனி எழுதாதே. என்னைக் கொமாத்ரே என்று கூப்பிடாதே. ஞானஸ்நான உறவை அறுக்க முடியாது, கடவுள் முன்னால் கட்டியது என்கிறார் சிஸ்டர். அறுக்க முடியாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும். கூப்பிடாதே.

நாய்க்குப் போடவில்லை. தின்கிறாள். சிஸ்டரோடு என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள்.

காந்தெலாரியா

*

பெதர்னால் மேடு
3 நவம்பர் 2011

காந்தெலாரியா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காவிட்டால் சிஸ்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

நேற்று இறந்தவர்கள் நாள். மேசையில் பூப் போட்டு, படம் வைத்து, ரொட்டி வைத்தேன். தூரத்திலிருந்து வருகிறவர்கள் தாகத்தோடு வருவார்கள் என்று எல்லா வருடமும் போலத் தண்ணீர் டம்ளர் வைக்கப் போனேன். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பீப்பாய் அடியில் இருந்ததைத் துணியில் வடிகட்டி எங்கள் அம்மா அப்பாவுக்கு ஒரு டம்ளர், தோன் பிலிபெர்தோவுக்கு ஒரு டம்ளர் வைத்தேன். அவர் படம் என்னிடம் இல்லை. வெறும் டம்ளரைத்தான் வைத்தேன்.

நீ சொன்னது சரியாகப் போயிற்று என்று எழுதத்தான் இந்தக் கடிதம். குழாய் ஐந்து வாரம் ஓடியது. அப்புறம் செவ்வாய், வெள்ளி என்றார்கள். அப்புறம் செவ்வாய் மட்டும். மேட்டுக்குக் கீழே பழைய டயர் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்களே, நாலு கட்டிடம், அதற்கும் நம் தொட்டியிலிருந்தே இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அவர்கள் திறக்கிறார்கள், மேலே ஏற ஒன்றும் மிஞ்சுவதில்லை. புல்வெளிக்கு அடிக்கிறார்கள், இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது.

உர்ரூத்தியாவைப் பார்க்கப் போனேன். நீ உட்கார்ந்த அதே பெஞ்சாகத்தான் இருக்க வேண்டும், கால் ஆடுகிறது. அடுத்த வருடம் பம்ப் வைப்போம் என்றார். அதுவரை லாரி அனுப்புங்கள் என்றேன். "குழாய் இருக்கற பகுதிக்கு லாரி கிடையாதும்மா. உங்க பேர எடுத்தாச்சு" என்றார். மழையும் நின்றுவிட்டது.

சீரோவுக்கு மருந்துத் தண்ணீர்ப் பை மாற்றும் முன் முழங்கைவரை ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று நர்ஸ் சொல்லித் தந்திருக்கிறாள். ஓடும் தண்ணீருக்கு எங்கே போவேன்? பக்கத்து வீட்டுக்காரி குவளையால் ஊற்றுகிறாள், நான் கழுவுகிறேன். கொதிக்கவைத்த தண்ணீர்தான். குழாய் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஆகவே சொல்லவில்லை.

எல்விரா

*

பெதர்னால் மேடு
22 ஜனவரி 2012

காந்தெலாரியா,

சீரோ போய்விட்டார். ஞானிகள் திருநாள் கழிந்த மறுநாள் காய்ச்சல் வந்தது. பையில் திரும்பி வந்த தண்ணீர் கலங்கி இருந்தது, எனக்கு உடனே புரிந்துவிட்டது. வயிற்றுக்குள் கிருமி. நாலாம் நாள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், "வீட்ல குழாய் இருக்குன்னு எழுதியிருக்கே" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

கடைசி நாள் என்னோடு பேசினார். ஆகஸ்டுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. "காந்தேகிட்ட போயி சொல்லு" என்றார். என்ன சொல்ல என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெம்பில்லை.

ஒன்பது நாள் ஜெபத்துக்கும் யாரெலி வந்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள், டம்ளர் கழுவக் கீழேயிருந்து தண்ணீர் தூக்கி வந்தாள். யாரும் சொல்லாமலே செய்தாள்.

நேற்று மறுபடியும் லாரி நிறுத்தினார்கள். டிசம்பரிலிருந்து ஒரு சொட்டு இல்லை, வேறு என்ன செய்வார்கள்? இளவயது ஓட்டுநர். கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இது அந்த மேடா?" என்று மட்டும் கேட்டான். இறங்கமாட்டேன் என்றான், சாப்பாட்டைத் தொடவில்லை. நான் போய், சாவியை நீயே வைத்துக்கொள், லாரியை ஓரமாக நீளவாக்கில் நிறுத்து, ஒரு டாக்ஸி போகிற அளவுக்கு இடம் விடு என்றேன். என்னை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவுமில்லை.

நான் முடிவு பண்ணிவிட்டேன். நீதிமன்றத்துக்குப் போய், என் கையெழுத்து பொய், அவரே சாவியைக் கொடுத்தார், வாங்கச் சொன்னது நான் என்று சொல்லப்போகிறேன். எனக்கு இனி இழக்க ஒன்றும் இல்லை. உன் வக்கீலின் பேரை எழுதி அனுப்பு.

எல்விரா

*

பெண்கள் சிறை
9 பிப்ரவரி 2012

எல்விரா,

சீரோவைப் பற்றிச் சிஸ்டர் முன்பே சொல்லிவிட்டார். இங்கே எங்கள் வார்டில் ஒன்பது நாளும் நான் ஜெபமாலை சொன்னேன். அவரைத் தெரியாத பெண்கள் எல்லாம் பதில் சொன்னார்கள். இரண்டு பேர் அழவும் செய்தார்கள், இங்கே அழக் காரணம் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

எனக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. டிசம்பரிலேயே. உனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பதினோரு வருடம். மேல்முறையீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது கருநீலம் உடுத்துகிறேன். எனக்குப் பொருந்துகிறது என்கிறார்கள்.

வக்கீலிடம் நீ கேட்டதைச் சொன்னேன். நீ இப்போது வந்து மாற்றிச் சொன்னால் என் தீர்ப்பு மாறுமா என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் பொய்ச் சாட்சி சொன்னதற்கு உன்னை உள்ளே தள்ளுவது மட்டும் நிச்சயமாம். அப்படி நீயும் இங்கே வந்தால் யாரெலிக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் போகாதே. உண்மையைச் சொல்ல உனக்கு ஒரு நாள் இருந்தது, அன்றைக்குச் சொல்லவில்லை. இழக்க ஒன்றும் இல்லாதபோது சொல்லும் உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஆகஸ்டிலிருந்து மனசுக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வரியும் தயாராக இருந்தது. சீரோ இறந்த செய்தி வந்த பிறகு ஒருநாள் வாளி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு நினைப்பு வந்தது. படுத்திருந்தது என் யாரெலியாக இருந்தால்? அவள் வயிற்றில் அந்தக் குழாய் இருந்து, உர்ரூத்தியா என்னைப் பார்த்து உன் பேரைச் சொல்லியிருந்தால்? நான் டைப் அடித்ததைப் படித்துக்கூடப் பார்த்திருக்கமாட்டேன், எல்விரா. பேனாவைப் பிடுங்கிப் போட்டிருப்பேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. உன்னை வெறுத்துக்கொண்டிருந்தவரை நன்றாகத் தூங்கினேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த வார்த்தை என்னிடம் வரவில்லை, வந்தால் எழுதுகிறேன். என்னைப் பார்க்கவும் வராதே. உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாரெலி ராத்திரி தனியாகப் படுக்கிறாள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியில்லை, ஆளைக் கூட்டிவந்து போட்டுக்கொடு. லாரி வரும் நாளில் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அவள் பீப்பாயை உன் பீப்பாய்க்கு முன்னால் வை. முதலில் அதை நிரப்பு, விளிம்புவரைக்கும். நான் பார்க்கமாட்டேன் என்று பாதியில் நிறுத்திவிடாதே.

உன் கொமாத்ரே,
காந்தெலாரியா